நகலும் மீட்பும்: லினக்ஸ் கணினியின் வன்தட்டுப் பிரிவுகள் குறித்து

கணினியிலே சேமிக்கப்படும் ஆய்வேடும் கள ஆய்வுத் தரவும் ஒலிப்பதிவும் அருவமாய் மிதப்பனவல்ல. வன்தட்டின் குறித்த சில இடங்களிலேயே அவை பதிந்துள்ளன. அத்தட்டுப் பழுதுறின் பல்லாண்டு உழைப்பு ஒரு கணத்தில் அழியும். எனவே காப்புநகல் பற்றிய அறிவு தொழினுட்ப வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் இயங்குதளத்தை முன்வைத்து இதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

வன்தட்டு பொதுவாகப் பல பிரிவுகளாக வகுக்கப்படும். இயங்குதளம் ஒன்றிலும் பயனரின் கோப்புகள் மற்றொன்றிலும் இருத்தல் கூடும். ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் கூறுவது பிரிவு அட்டவணையாகும். பழைய எம்.பி.ஆர். முறையில் இவ்வட்டவணை தட்டின் முதல் 512 பைட்டுகளுள் 64 பைட்டு இடத்தில் அடங்கிவிடும். அச்சிறு பகுதி சிதைந்தால் முழுத் தட்டுமே வெறுமையாகத் தோன்றும். பின்வந்த ஜி.பி.டி. முறையோ அட்டவணையின் இரண்டாம் பிரதியைத் தட்டின் இறுதியில் வைக்கின்றது. எனினும் இரண்டும் ஒரே தட்டிலேயே உள்ளன. ஆதலால் எஸ்எஃப்டிஸ்க் என்னும் கருவியால் அட்டவணையை ஓர் எழுத்துக் கோப்பாக்கி வேறிடத்தில் வைத்தல் விரும்பத்தக்கது.

நகலெடுக்கும் முறைகள் இருவகைப்படும். டார், ஆர்சிங்க் ஆகியவை கோப்புகளை நகலெடுப்பன. டிடி என்னும் கட்டளையோ கோப்பு எது, வெற்றிடம் எது என்று நோக்காது பிரிவு முழுவதையும் அப்படியே படியெடுக்கும். 100 ஜிகாபைட் பிரிவில் 10 ஜிகாபைட் மட்டுமே நிரம்பியிருப்பினும், சுருக்கப்படாத படிமம் 100 ஜிகாபைட் இடத்தைக் கோரும். பார்ட்குளோன் போன்றவை பயன்பட்ட பகுதிகளை மட்டும் எடுத்து இக்குறையை நீக்குகின்றன. டிடி கட்டளையில் மூலமும் இலக்கும் இடம்மாறினால், காக்க முனைந்த தரவே அழிந்துவிடும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பயன்பாட்டிலுள்ள பிரிவைப் படியெடுத்தல் ஆகாது. எடுக்கும்போதே அது மாறிக்கொண்டிருப்பின் படிமம் முன்பின் முரணாக அமையும். பிரிவைக் கழற்றிவிட்டோ, வேறொரு யூ.எஸ்.பி. தட்டிலிருந்து கணினியை இயக்கியோ, எல்.வி.எம். அமைப்பின் கணநிலைப் படிமத்திலிருந்தோ நகலெடுத்தலே முறை.

இவையனைத்தினும் முதன்மையானது மீட்டுப் பார்த்தலாகும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்தார். அங்கே பலவகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஆயின் நாளாந்த நகலெடுப்பு, மென்பொருட் பதிப்பு முரண்பாட்டினால் தோல்வியடைந்து வந்திருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட எல்.வி.எம். படிமமே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை. இவ்விவரங்களை அந்நிறுவனமே வெளியிட்டது. நகல் உண்டு என்ற நம்பிக்கை வேறு, அது மீளும் என்ற அறிவு வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மீட்பிலும் சில நியதிகள் உள. முழுப்படிமத்தை ஏற்கும் பிரிவு மூலப் பிரிவின் அளவினதாகவோ அதனிற் பெரிதாகவோ இருத்தல் வேண்டும். படிமம் மூலத்தின் அடையாள எண்ணையும் உடன்கொண்டு வருவதால், மூலமும் நகலும் ஒரே கணினியில் இணைந்திருப்பின் குழப்பம் நேரும். புதிதாக அமைத்த பிரிவில் கோப்புகளை மட்டும் மீட்டால் அடையாள எண் மாறும். அப்போது எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்துவதுடன், தொடக்க நிரலையும் மீள நிறுவ வேண்டியிருக்கும். எனவே பழைய தட்டைத் தொடாது, வேறொரு தட்டில் மீட்டு, கோப்புகளைத் திறந்து பார்த்தலே தகுந்த சோதனை.

இங்கு கூறிய கருவிகள் யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை, மூலநிரல் திறந்தவை. தனியொரு நிறுவனம் கடையை மூடினாலும் நாம் சேமித்த படிமத்தைத் திறக்கும் வழி பொதுமக்களின் உடைமையாகவே எஞ்சும். ஆய்வுத் தரவைப் பேணும் பல்கலைக்கழகத் துறைகளும் சிறு நூலகங்களும் இவ்வறிவைத் தமதாக்கிக்கொள்வதுடன், குறித்த காலத்துக்கு ஒருமுறை மீட்புச் சோதனை நடத்துவதையும் வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும்.