பழைய தானுந்தின் உடற்கூட்டுச் சீரமைப்பு

உடற்கூட்டுச் சீரமைப்பு என்பது பழைய ஊர்தியின் துருப்பிடித்த, நெளிந்த தகடுகளைச் செப்பனிட்டு மீண்டும் வண்ணம் பூசும் பணியாகும். தகட்டு வேலை தமிழகத்தில் டிங்கரிங் என வழங்கப்படுகிறது.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வண்டலூர்-பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தை 1961 இல் தயாரிக்கத் தொடங்கியது. அதன் உடற்கூடு தனிச் சட்டகத்தின் மீது மரையாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. எனவே பல பகுதிகளை வீட்டிலேயே கழற்றிச் சீரமைக்க இயலும்.

கடலோரத் துரு

மாமல்லபுரம் போன்ற கடலோரங்களில் காற்றில் வரும் உப்பு தகட்டின் மீது படிகிறது. அது ஈரத்தை ஈர்த்துத் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. துருவை நீக்காமல் வண்ணம் பூசினால், அது பூச்சின் அடியில் பரவிக் கொப்புளமாக வெளிப்படும்.

படிமுறை

1. நன்னீரால் கழுவி உப்பை நீக்குதல்.
2. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்தல். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் தூசி பறக்காதவாறு நீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.
3. ஓட்டை விழுந்த பகுதியை வெட்டிப் புதிய தகட்டைப் பற்றவைத்தல். பட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் அதைக்கொண்டு ஓட்டையை அடைத்தல் கூடாது.
4. நன்கு உலர்த்தி, அன்றே முதற்பூச்சு இடுதல். பின்னர் பள்ளங்களைப் பட்டியால் நிரவி வண்ணம் பூசுதல்.

எச்சரிக்கை

சட்டகத்தைத் துரு அரித்திருந்தால் அது உயிர் சார்ந்த குறை. தேர்ந்த பணியாளரே சரிசெய்ய வேண்டும். இருகூறு வண்ணங்களிலுள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. துணி முகமூடி அதைத் தடுக்காது; எனவே அவற்றை வீட்டில் தெளித்தல் கூடாது.

நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுவதாகும். 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, படைத்துறை ஊர்திகள் தவிர்த்த பிறவற்றுக்கு ஆலிவ் பச்சை பூசுதல் கூடாது.