திட்ட முகாமையாளரின் நூலறிவும் உமா ஓயாச் சுரங்கமும்

பெரும்பணி ஒன்றைக் குறித்த காலத்தில், குறித்த செலவில் முடித்தற்குரிய நெறிகளைத் தொகுத்துரைக்கும் துறை திட்ட முகாமைத்துவம் எனப்படும். வேலைகளைப் பகுத்து, முன்பின் தொடர்புகளை அம்புக்குறிகளாற் காட்டும் வலைப்பட முறை 1957-58ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவாயிற்று. டூபாண்ட் நிறுவனத்தின் ஆலைப் பணிகளும் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டமுமே அதன் பிறப்பிடங்கள். இன்று அது தேர்வும் சான்றிதழும் உடைய தனித்தொழிலாக வளர்ந்துவிட்டது. எனினும், சான்றிதழ் பெற்ற ஒருவர் காலையிற் பணிக்களத்தில் நிற்கும்போது அவ்வறிவு அவருக்கு எவ்வாறு பயன்படுகின்றது என்பது வேறு வினா. அதற்கு விடை காண வெலிமடையார் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

வெலிமடைக்கு அண்மையிலுள்ள புகுல்பொலையில் உமா ஓயாவை மறித்து ஓர் அணையும், டயரபாவில் மற்றோர் அணையும் எழுந்துள்ளன. மகாவலியைச் சேரும் நீரின் ஒரு பகுதி பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, நிலக்கீழ் மின்நிலையத்தில் விழுந்து, 120 மெகாவாற் மின்னாற்றலைத் தந்து, பின்னர்க் கிரிந்தி ஓயாப் பக்கத்து வரண்ட நிலங்களை நோக்கிச் செல்கின்றது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இத்திட்டம் 2024 ஏப்பிரில் மாதத்திலேயே திறந்துவைக்கப்பட்டது.

வலைப்படத்தில் மிக நீண்ட தொடரே முழுப்பணியின் கால அளவையும் தீர்மானிக்கும். அதனை நெருக்கடிப் பாதை என்பர். இத்தகைய திட்டத்தில் அப்பாதை சுரங்கத்தின் ஊடாகவே செல்லும். அணைக்கு ஆட்களைக் கூட்டி வேலையை விரைவுபடுத்தலாம். துளைப்புப் பொறிக்கோ முகம் ஒன்றே; ஆள் கூட்டினாலும் மலை வழிவிடாது. ஆகவே அணை முன்னரே முடிந்தாலும் மின் பிறவாது. இதனை அறிந்த முகாமையாளர் நாள்தோறும் முதலிற் கேட்பது, பொறி எத்தனை மீற்றர் முன்னேறியது என்பதே. தோட்டத்துப் பிரட்டுக்களத்திலே விடியற்காலையில் மலைக்கு இத்தனை ஆள் எனப் பிரித்துவிடும் வேலையும் ஏறத்தாழ இவ்வினத்ததே. ஆனால் அங்கே பிழைத்த கணக்கை மறுநாட் காலையில் திருத்திக்கொள்ளலாம்.

2014 டிசம்பரில் பண்டாரவளைப் பகுதியின் கீழே சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மீண்டும் நீர் புகுந்தது. மக்கள் திரண்டு வீதியில் இறங்கினர்.

இத்தகைய இடருக்கு நூலில் விதி இல்லாமலில்லை. பொறிக்கு முன்னே சிறு துளையிட்டுப் பாறையைச் சோதித்தல் வேண்டும். வெடிப்பும் நீரும் காணப்படின் சீமெந்துக் கரைசலை அழுத்திச் செலுத்தி அடைத்தல் வேண்டும். நீர் பாயத் தொடங்கிய பின்னர் அடைத்தல் மிக அரிது. பாயும் நீர் கரைசலை இறுகவிடாது அடித்துச் செல்லும். ஆயின் சோதனைத் துளையிடும் நேரத்திற் பொறி நிற்க வேண்டும். நெருக்கடிப் பாதையிற் பொறி நிற்கும் ஒவ்வொரு மணியும் திட்ட முழுமைக்கும் தாமதமாகும். ஒரு விதி "நில்" என்கிறது. மற்றொரு விதி "நில்லாதே" என்கிறது. இரண்டும் ஒரே பாடநூலில் உள்ளவை. எதனை எவ்விடத்தில் மேற்கொள்வது என்பதைப் பாறையின் தன்மையறிந்து தீர்மானிப்பதே முகாமையாளரின் அன்றாடத் தொழில். எந்தத் தேர்வும் அதனை முழுமையாக அளவிடுவதில்லை.

நூல் கூறும் மற்றொரு கருவி இடர்ப் பதிவேடு. நேரக்கூடிய தீங்கு, அதன் அளவு, பொறுப்பாளர் ஆகியவற்றை அதில் எழுதுவர். "நிலத்தடி நீர்" என ஒரு வரியில் எழுதினாலும் பதிவேடு நிரம்பிவிடும். அதுவே இப்பதிவேட்டின் குறை எனலாம். சுரங்கத்தின் மேலுள்ள கிணறு ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் துளைப்புத் தொடங்குமுன் அளந்து, இன்னார் வீட்டுக் கிணறு எனக் குறித்து, வாரந்தோறும் ஒப்புநோக்கினாலன்றி அவ்வரி உயிர் பெறாது. முன்னளவு இல்லாதவிடத்து இழப்பீடு கோருபவரும் அதனைத் தீர்ப்பவரும் ஒருங்கே இடர்ப்படுவர். கிணற்றுக்குடையவர் வாளி கயிற்றின் நீளத்தைக் கொண்டே நீர் தாழ்ந்ததை உணர்வார். அளவைக் கருவி அலுவலகத்துக்கு அச்செய்தியைச் சேர்ப்பதற்குள் அவர் வேறு கிணறு தேடியிருப்பார்.