மிஞ்சிய உணவும் ஒரு பழைய சட்டமும்

இரவுச் சாப்பாடு முடிந்து கல்லூரி உணவுக்கூடத்தை மூடும் நேரம். யார் கையும் படாத உணவு, சமைத்த சூடு ஆறுவதற்குள் குப்பைக்குப் போகும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்து மனம் பொறுக்காத சில மாணவர்கள் 2011-இல் ‘ஃபுட் ரெகவரி நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மிஞ்சியதை எடுத்து, எடை போட்டு, வண்டியில் ஏற்றி, பசித்தவர்களுக்கு உணவிடும் தொண்டு நிறுவனங்களில் இறக்க வேண்டும்; வேலை அவ்வளவுதான். முதல் கல்வியாண்டிலேயே 30,000 வேளைச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. அதற்குள் பிரவுன், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆகி, நம் மேல் கேஸ் போட்டால்?” கொடுக்கத் தயங்கும் சமையற்கூடங்கள் அங்கே வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. வழக்குக்குப் பேர்போன நாடு, பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து 1996-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் இறந்த மிசௌரி எம்.பி. பில் எமர்சனின் பெயரிட்ட சட்டத்தில் அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். நல்லெண்ணத்தோடு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்த உணவால் தீங்கு நேர்ந்தாலும், கொடுத்தவர் மீது பொறுப்பு விழாது. மிக மோசமான அலட்சியமோ, வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தால்தான் சிக்கல். மாணவர்கள் உணவை ஏற்றத் தொடங்கியபோது இந்தச் சட்டத்துக்கு வயது 15. பள்ளி, உணவகம் போன்றவை நடுவில் யாரும் இல்லாமல் ஏழைகளுக்கு நேரே கொடுப்பதற்கான பாதுகாப்பு மட்டும் 2023 ஜனவரி வரை காத்திருந்தது.

பொதுக்கொள்கையில் ஆர்வம் என்று சொல்லும் கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரக்கம் வண்டியைக் கிளப்பும்; சமையற்கூடத்தின் கதவைத் திறக்கச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தினமும் 20 கிலோ மிஞ்சுகிறது என்றால், தினமும் 20 கிலோ கூடுதலாகச் சமைக்கிறார்கள் என்றுதானே பொருள்? தானம் கொடுத்த திருப்தியில் அண்டாவின் அளவைக் குறைக்க மறந்துவிடக் கூடாது. அந்த வகையில் தராசைப் பிடிக்கும் மாணவரின் வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தக் கணக்கைச் சமையல் பொறுப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரு சமையற்கூடத்தோடு நிற்பதில்லை. உணவு வீணாவதை 2030-க்குள் பாதியாக்குவோம் என்று அமெரிக்க அரசு 2015-இல் அறிவித்தது. அங்கே குப்பைமேட்டில் கொட்டப்படுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உணவு.