வீட்டுத் தச்சுப் பட்டறை

வீட்டுத் தச்சுப் பட்டறை என்பது, மரவேலையைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர் தம் வீட்டுக்கான நாற்காலி, அலமாரி, கட்டில் முதலியவற்றைத் தாமே செய்யவும் பழுது பார்க்கவும் வீட்டின் ஒரு பகுதியில் அமைத்துக்கொள்ளும் பணியிடம் ஆகும். வண்டி நிறுத்தும் கொட்டகை, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை, பின்கட்டுத் தாழ்வாரம் ஆகியவை இதற்கு வழக்கமாகப் பயன்படும் இடங்கள். எட்டடிப் பலகையைத் திருப்ப இடம், கூரான உளி, தூசி வெளியேற வழி, நம்பத்தக்க மின்னிணைப்பு ஆகிய நான்கும் இருந்தால் சிறிய பட்டறையிலும் பெரிய வேலை செய்யலாம்.

தமிழ்நாட்டில் தச்சர்கள் வேலை நடக்கும் வீட்டுக்கே பையோடு வந்து, வாசலில் அமர்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்து இழைப்பதும் துளை போடுவதும் நெடுநாள் வழக்கம். அந்த முறைக்கு மேசையும் தேவையில்லை, அறையும் தேவையில்லை. ஆனால் அதற்கு இளமையிலேயே பழகிய உடம்பு வேண்டும். நாற்பது வயதில் ஆசைப்பட்டுத் தொடங்குபவருக்கு நின்று செய்யும் மேசைதான் முதுகைக் காக்கும்.

இடம்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை தாராளமாகப் போதும். அறையின் பரப்பைவிட அதன் வாசலே பல நேரங்களில் சிக்கலாகிறது. ஒட்டுப்பலகை எனப்படும் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி அளவில் விற்கப்படுகிறது. 18 மி.மீ. கனமுள்ள ஒரு முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதை மாடிப்படியில் ஒருவராகத் தூக்கித் திருப்புவது நடவாத காரியம். மரக்கடையிலேயே இரண்டு மூன்று துண்டாக அறுத்து வாங்கிவருவது நல்லது. பெரும்பாலான கடைகளில் இதைச் செய்து கொடுப்பார்கள்.

தகரக் கூரையின் கீழ் கோடையில் வேலை செய்ய முடியாது என்பதோடு, அந்தச் சூட்டில் பிசின் விரைவாக இறுகிவிடும், பலகையும் வளையும். கூரைக்குக் கீழே தென்னங்கீற்றோ வெப்பம் தடுக்கும் அட்டையோ போட்டால் ஓரளவு தாங்கும். ஆனால் கீற்றும் மரத்தூளும் தீப்பொறியும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்பதால், சாணை பிடிக்கும் வேலையை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரமும் வெளிச்சமும்

2,000 வாட் மேசை ரம்பம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு 1,200 வாட் தூசி உறிஞ்சி ஓடினால் இன்னும் 5 ஆம்பியர். மோட்டார் புறப்படும் நொடியில் இதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். ஆகவே அறையில் ஏற்கெனவே உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் நீட்டிப்புக் கம்பியைச் செருகி இயந்திரம் ஓட்டுவது கம்பியைச் சூடாக்கும் வழி. பெட்டியிலிருந்து தனியாக இழுத்த செப்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக்குகள், தனி எம்.சி.பி., நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை வேண்டும். இயந்திரத்துக்கு முன் இதற்குப் பணம் ஒதுக்குவதே முறை. மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்று வேலை செய்பவரின் உயிரைக் காப்பது அந்த ஆர்.சி.சி.பி.தான்.

வெளிச்சத்தில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சுழலும் அலகின் வேகம் அந்த மினுக்கலோடு ஒத்துப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் அலகு நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மினுக்காத எல்.இ.டி. விளக்குகளை இரண்டு திசைகளிலிருந்து விழும்படி பொருத்தினால் இந்தத் தொல்லையும் இல்லை, கையின் நிழல் கோட்டை மறைப்பதும் இல்லை.

பணிமேசை

முதலில் செய்ய வேண்டிய பொருள் இது. ஐந்து அல்லது ஆறு அடி நீளம், இரண்டடி அகலம், மேல்பலகை மூன்று அங்குலக் கனம் இருந்தால் இழைக்கும்போது ஆடாது. உயரத்தை எந்த நூலிலும் தேட வேண்டாம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுவே இழைப்பதற்கு ஏற்ற உயரம். விலை உயர்ந்த தேக்கில் மேசை செய்வது வீண்செலவு. வேங்கை, மா அல்லது பழைய வீட்டு உத்தரத் துண்டுகளே போதும். ஒரு முனையில் ஒரு வைஸ் பொருத்திக்கொண்டால், மற்ற வேலைகளுக்குக் கிளாம்புகள் உதவும். கிளாம்ப் மட்டும் எத்தனை வாங்கினாலும் பிசின் பூசிய பிறகு இரண்டு குறைவாகவே இருக்கும்.

கைக்கருவிகள்

6, 12, 18, 25 மி.மீ. அகலத்தில் நான்கு உளிகள், ஒரு கொட்டாப்புளி, 14 அங்குல நீளமுள்ள 5ஆம் எண் இரும்பு இழைப்புளி, முதுகில் பட்டை வைத்த சிறு ரம்பம், பெரிய கைரம்பம், மூலைமட்டம், எஃகு அளவுகோல், கோடு கீறும் கட்டை. இவ்வளவில் ஒரு முக்காலி செய்துவிடலாம். நாற்பது உருப்படிகள் அடங்கிய பெட்டி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஏமாற்றம். அந்தப் பணத்தில் நல்ல உளி இரண்டு வாங்குவதே மேல். மூலைமட்டத்தை வாங்கும் கடையிலேயே சோதிக்கலாம்: நேரான விளிம்புள்ள அட்டையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளும் பிரிந்தால் மட்டம் 90 பாகையில் இல்லை.

கடையிலிருந்து வரும் உளி கூராக இருப்பதில்லை. புதியவர் பலர் இதை அறியாமல், மரம் கடினம் என்றும் தமக்குக் கை வரவில்லை என்றும் முடிவுசெய்து வேலையை விட்டுவிடுகிறார்கள். தீட்டுவதற்கு முன் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத பக்கத்தை, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய நீர்த்தாளில் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். முனையை ஒட்டிய ஓர் அங்குலம் பளபளத்தால் போதும். பிறகு சரிவை 25 பாகையில் 1000 எண் கல்லிலும், நுனியை மட்டும் 30 பாகையில் 4000 அல்லது 6000 எண் கல்லிலும் தீட்ட வேண்டும். நுனியின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிர் எழுந்தால் ஓரம் வரை தீட்டியாயிற்று என்று பொருள். அதைத் தோலில் இழுத்து எடுத்துவிட வேண்டும். குறுக்கு வெட்டு முகத்தில், மென்மரத்திலும் நொறுங்காமல் செதில் சீவினால் உளி கூராக இருக்கிறது. மழுங்கிய உளிக்கு அழுத்தம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அது வழுக்கும்போது பிடித்திருக்கும் இடக்கையில்தான் பாயும்.

இயந்திரங்கள்

முதலில் டிரில், அடுத்து கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், பிறகு ரவுட்டர், உப்புத்தாள் பொருத்தித் தேய்க்கும் இயந்திரம் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும். மேசை ரம்பம் கடைசியில் வரட்டும்.

நம் ஊரில் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கத்தை இங்கே கண்டித்தே ஆக வேண்டும். மார்பிள் அறுக்கும் சிறு இயந்திரத்தில், அல்லது ஆங்கிள் கிரைண்டரில், மரம் அறுக்கும் பல் அலகை மாட்டி, காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வது அது. சிலர் அதைப் பலகைக்கு அடியில் தலைகீழாகக் கட்டி மேசை ரம்பமாகவும் ஆக்கிக்கொள்கிறார்கள். மரத்துக்கென்று செய்த ஏழேகால் அங்குல வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் ஓடும். மேற்சொன்ன இயந்திரங்கள் 11,000 சுற்றுக்கும் மேல் ஓடும். அலகின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்றைத் தாண்டி ஓட்டினால் பற்கள் தெறிக்கலாம். கல்லைத் தேய்க்கும் தட்டுக்குப் பல் கிடையாது, அதனால் அது கவ்வாது. மர அலகு இழையில் கவ்விக்கொண்டால் இயந்திரமே ஆளை நோக்கி எகிறும். விலை வேறுபாடு சில ஆயிரம் ரூபாய். விரலுக்கு அந்த விலை குறைவு.

மேசை ரம்பத்தில் நேரும் பெரிய விபத்து, மரம் திருப்பி அடிப்பது. 10 அங்குல அலகு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது அதன் பற்கள் நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. அலகின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுத்த இடைவெளி மூடிக்கொண்டாலோ பலகை சற்றுத் திரும்பினாலோ பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி அறுப்பவர்மேல் எறியும். மரத்தோடு கையும் அலகை நோக்கி இழுபடும். அலகுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு இடைவெளியை மூடவிடாமல் தடுக்கிறது. அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு வேலை செய்யக் கூடாது. அலகின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்பதும், குறுகிய துண்டுகளைத் தள்ளுகோலால் தள்ளுவதும் பழக்கமாக வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் 1999இல் உருவாக்கிய முறையில், தோல் பட்டதும் சில மில்லி நொடியில் அலகு நின்றுவிடுகிறது. சாஸ்டாப் என்ற பெயரில் வரும் அவ்வகை ரம்பங்களின் விலை மிக அதிகம்.

சுழலும் இயந்திரத்தருகே கையுறை, தோளில் துண்டு, தழையக் கட்டிய லுங்கி மூன்றும் கூடாது. துணி சிக்கினால் கையை விடுவிக்க நேரம் இருக்காது. காதுக்கும் காப்பு வேண்டும்: 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்து, வட்ட ரம்பத்தின் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே மிஞ்சும்.

தூசி

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அதில் முதன்மையானது. தரையில் விழும் சுருளும் தூளும் கேடு குறைந்தவை. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் நுண்தூசியே நுரையீரலுக்குள் இறங்குகிறது. இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சு குழாயை மாட்டுவதும், எதிரெதிர்ச் சுவரில் சன்னலும் வெளியேற்று விசிறியும் வைப்பதும், தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அணிவதும் வேண்டும். துடைப்பத்தால் உலரப் பெருக்கினால் படிந்ததெல்லாம் மீண்டும் மூக்குக்கு வரும், ஈரத்துணியால் துடைக்கலாம். பட்டறையின் கதவு சமையலறைக்கோ குழந்தைகள் தூங்கும் அறைக்கோ திறந்தால் இடத்தை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

மரம்

மரக்கடையில் கணக்கு கன அடியில். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம், 7 அடி நீளம் என்றால் 0.58 கன அடி. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 பொதுப் பயனுக்கு, ஐ.எஸ். 710 கடல்தரம் எனப்படும் நீர் தாங்கும் வகைக்கு.

மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. நன்றாக நடந்துகொள்ளும் தேக்கிலேகூட, தட்டையாக அறுத்த 600 மி.மீ. அகலப் பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு மாறினால் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் மாறும். ஐப்பசி மழையில் செய்த மேசைப் பலகையை நான்கு புறமும் பிசினால் இறுக்கினால் சித்திரையில் பிளப்பது இதனால்தான். பழைய வீடுகளை இடித்து வரும் மரம் இந்த வகையில் சிறந்தது. காரைக்குடிப் பக்கத்துக் கடைகளில் அவ்வாறு வந்த பர்மா தேக்கு கிடைக்கிறது. ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தால் ஒவ்வோர் அங்குலமும் தடவிப் பார்க்காமல் அலகை வைக்கக் கூடாது. ரப்பர் மரத்தில் போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஏற்றாத மரம் சீக்கிரமே உளுத்துவிடும். பலகைகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கினால் கரையானும் தெரியும், காற்றும் புகும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவோர் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடலாம், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் அமிழ்த்தி வைக்கலாம்.