கண்ணாடியும் இல்லை, ஷட்டரும் இல்லை

2021 அக்டோபரில் நிக்கான் நிறுவனம் இசட்9 என்ற ஃபுல் ஃப்ரேம் கேமராவை அறிவித்தது. விளையாட்டையும் காட்டுயிர்களையும் படமெடுக்கும் தொழில்முறைக் கலைஞர்களுக்கான உயர்ரகக் கேமரா அது. ஆனால் அதில் திறந்து மூடும் ஷட்டர் திரையே கிடையாது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் ‘க்ளிக்’ சத்தம் இரண்டு பாகங்களிலிருந்து பிறந்தது: மேலெழும் கண்ணாடி ஒன்று, ஷட்டர் மற்றொன்று. மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணாடியை முன்பே கழற்றிவிட்டன. இசட்9 ஷட்டரையும் கழற்றியது. இரண்டும் செய்துவந்த வேலை முழுவதும் சென்சாரின் தலையில் விழுந்தது.

ஃபுல் ஃப்ரேம் என்பது 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சென்சார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா பரவலாக்கிய ஃபிலிம் சட்டத்தின் அளவு அது. ஆட்டோஃபோகஸ் வசதியோடு, லென்ஸை மாற்றக்கூடியதாக இந்த அளவில் வந்த முதல் மிரர்லெஸ் ஸ்டில் கேமரா, 2013இல் சோனி அறிமுகப்படுத்திய ஏ7. நிக்கானும் கேனானும் 2018இல்தான் களமிறங்கின.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கண்ணாடி மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்பும். ஒளியின் ஒரு பகுதி கண்ணாடியை ஊடுருவி, கேமராவின் அடியில் உள்ள தனி ஃபோகஸ் கருவிக்குப் போகும். அந்தக் கருவி சட்டத்தின் நடுப்பகுதியைச் சுற்றியே பார்க்கக்கூடியது. படம் பதியும் நொடியில் கண்ணாடி மேலே போய்விடுவதால் கேமராவுக்கும் கண் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது.

மிரர்லெஸ்ஸில் ஃபோகஸைக் கணிக்கும் புள்ளிகள் சென்சாரிலேயே பதிந்திருக்கின்றன. 2017இல் வந்த சோனி ஏ9 கேமராவில் அவை 693. சட்டத்தின் 93 சதவீதப் பரப்பில் பரவியிருந்தன. சென்சார் முழுக் காட்சியையும் இடைவிடாமல் பார்ப்பதால், முகம் எது, கண் எது, பறவை எது என்று மென்பொருளால் அடையாளம் காண முடிகிறது. மணமகள் திரும்பினாலும் கண்ணை விடாமல் ஃபோகஸ் பின்தொடர்வது இதனால்தான். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதும் பொத்தானை அழுத்தும் முன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடுகிறது.

கண்ணாடிக்கு ஒதுக்கிய இடம் மிச்சமானது லென்ஸ் வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். லென்ஸைப் பொருத்தும் வாயான மவுண்டை எடுத்துக்கொள்வோம்: நிக்கானின் பழைய மவுண்டிலிருந்து சென்சாருக்கு 46.5 மி.மீ. தூரம், இசட் மவுண்டில் அது 16 மி.மீ.தான். இசட் மவுண்டின் அகன்ற வாயும் குறைந்த தூரமும் சேர்ந்ததால்தான் 58 மி.மீ. எஃப்/0.95 போன்ற லென்ஸ் சாத்தியமானது. மிச்சமான 30.5 மி.மீ. இடைவெளியில் ஓர் அடாப்டரை மாட்டினால், பழைய லென்ஸ்களும் புதிய பாடியில் வேலை செய்கின்றன.

ஆனால் ஷட்டரின் துணையில்லாத சென்சாருக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. ஜெராக்ஸ் இயந்திரத்தின் விளக்கு காகிதத்தின் மேல் நகர்வதுபோல, அது வரிவரியாகத்தான் காட்சியை வாசிக்கிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே இருபதில் ஒரு பங்கு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் சுழலும் கிரிக்கெட் மட்டையின் நுனி அதற்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். நேரான மட்டை படத்தில் வளைந்து விழும். எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குவதால், திருமண மண்டப மேடைப் படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுவதற்கும் இதே காரணம்தான்.

இதற்குத் தீர்வாக வந்தது அடுக்கு சென்சார். ஒளியைப் பெறும் அடுக்குக்குப் பின்னால் மின்சுற்றையும் நினைவகத்தையும் வைத்து, வாசிக்கும் வேகத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். ஏ9 இப்படித்தான் வியூஃபைண்டர் இருளாமல் விநாடிக்கு 20 படம் எடுத்தது. இசட்9 முழுச் சட்டத்தையும் சுமார் 4 மில்லி விநாடியில் வாசித்துவிடுகிறது. அதே மட்டை நுனி அதற்குள் 12 செ.மீ.தான் நகரும். ஷட்டரை நீக்கும் துணிச்சல் அங்கிருந்து வந்தது.

சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 3 இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டரோடு வந்த முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா அது. விநாடிக்கு 120 படம். ஷட்டர் வேகம் 1/80,000 விநாடி வரை. பழைய கேமராக்களில் ஃப்ளாஷ் போட்டால் வழக்கமாக 1/250 விநாடியோடு நிற்க வேண்டியிருந்தது. இதில் அந்த வரம்பு இல்லை.

இத்தனைக்கும் விலை உண்டு. சென்சாரும் திரையும் ஓயாமல் உழைப்பதால் பேட்டரி சீக்கிரம் கரைகிறது. நிக்கானின் டி850 டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 1,840 படம் எடுக்கும் என்று மதிப்பிட்டார்கள், அதே 45.7 மெகாபிக்சல் கொண்ட இசட்7க்கு அந்த மதிப்பீடு 330தான். குளோபல் ஷட்டர் கொண்ட ஏ9 3 கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓவும் (ஒளியுணர்திறன்) வழக்கமான 100 அல்ல, 250. வேகமும் நுணுக்கமும் எல்லா பாடிகளிலும் ஒருசேரக் கிடைப்பதில்லை: ஏ9 3 பதிவது 24.6 மெகாபிக்சல், 61 மெகாபிக்சல் பதியும் ஏ7ஆர் 5 வாசிப்பில் மெதுவானது, வேகக் காட்சிகளுக்குப் பழைய ஷட்டரையே நம்புகிறது.

மெகாபிக்சல் எண்ணை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். வாசிப்பு வேகத்தைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. வாங்கப் போகிறவர் அதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ளலாம்: எலக்ட்ரானிக் ஷட்டரைத் தேர்ந்து, 1/2000 விநாடி வேகத்தில், ஓடும் மேசை விசிறி ஒன்றைச் சட்டம் நிறைய எடுத்துப் பார்க்க வேண்டும். இறக்கைகள் எவ்வளவு கோணலாகத் தெரிகின்றனவோ, சென்சார் அவ்வளவு மெதுவானது.