புங்க எண்ணெயில் என்ஜின் ஓடுமா?

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் உழவர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "சார், வேலியோரம் புங்கமரம் நிக்குதுங்க. கொட்டையை ஆட்டி அந்த எண்ணெயை அப்படியே என்ஜினில் ஊத்தினா ஓடுங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஓடும். ஊற்றிய அன்று நன்றாகவே ஓடும். சங்கடமே அதில்தான் இருக்கிறது. முதல் நாள் ஓடியதை நம்பித் தொடர்ந்து ஊற்றியவர்கள், சில மாதங்களில் என்ஜினைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டு போக நேர்கிறது. எந்த என்ஜினுக்கு, எவ்வளவு, எப்படி என்று தெரிந்துகொண்டு செய்தால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

தாவர எண்ணெயில் என்ஜினை ஓட்டுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. பின்னர் பெட்ரோலிய எண்ணெய் வகைகள் மலிவாகக் கிடைத்ததால், என்ஜினின் பம்பும் நாசிலும் மெல்லிய டீசலுக்கு ஏற்றவாறே அமைக்கப்பட்டன. இன்று நம் கையில் இருப்பது அந்த என்ஜின்தான்.

ஏன் கெடுகிறது?

புங்க எண்ணெய் டீசலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு கெட்டியானது. டீசல் நாசிலின் நுண்துளை வழியே புகைபோலச் சிதறி, காற்றோடு கலந்து முழுவதும் எரிகிறது. கெட்டியான எண்ணெய் அவ்வாறு சிதறாமல் பெரிய துளிகளாக விழுகிறது. துளியின் மேற்பகுதி எரிந்தாலும் உட்பகுதி முழுவதும் எரிவதில்லை. எரியாத பகுதி நாசில் முனையில் கரியாகப் படிகிறது. பிஸ்டன் வளையங்களை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டவைத்துவிடுகிறது. மீதி சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி மசகு எண்ணெயில் கலக்கிறது. அங்கே சூட்டில் அது பிசின்போல் இறுகுகிறது. கூழான மசகு எண்ணெய் பேரிங்குக்குப் போய்ச் சேராது. என்ஜின் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும், பாரம் குறைவாக இழுக்கும்போதும் இந்தக் கேடு மிக அதிகம். நன்கு சூடேறி, ஒரே வேகத்தில், நல்ல பாரத்தோடு ஓடும்போது குறைவு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

எந்த என்ஜினுக்கு ஏற்றது?

கிணற்றடியில் நிமிடத்துக்கு 1500 சுற்றில் மணிக்கணக்காக ஒரே சீராக ஓடும் 5 குதிரைச் சக்தி ஆயில் என்ஜின் இதற்கு ஓரளவு ஏற்றது. தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வந்தபின் இந்த என்ஜின்கள் குறைந்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பவர்களும், வாய்க்காலிலிருந்து நீர் இறைப்பவர்களும் இன்றும் இவற்றை வைத்திருக்கிறார்கள். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளை ஓட்டிய ஜெனரேட்டர்களும் ஒரே வேகத்தில் ஓடுபவையே.

லாரி, வேன் அப்படியல்ல. நின்று நின்று போகின்றன. பாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் எரிபொருளை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பம்பும், புகையை வடிகட்டும் சாதனமும் உள்ளன. இவற்றில் செக்கு எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. நாசில் ஒன்றை மாற்றும் செலவே, எண்ணெயில் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும்.

"பழைய என்ஜின் எதையும் தாங்கும், அதை வாங்கி வேனில் மாட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவு அதிகாரியின் அனுமதி பெறாமலும் ஆர்.சி. புத்தகத்தில் பதியாமலும் என்ஜினை மாற்றக்கூடாது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் தொகைக்கும் வில்லங்கம் வரும். பனியன் மூட்டை ஏற்றும் வாடகை வண்டிக்கு இந்த வேலை வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆயில் என்ஜினில் பயன்படுத்தும் முறை

100 பங்கில் 20 பங்கு புங்க எண்ணெய், 80 பங்கு டீசல் என்ற கலவைக்கு மேல் போகவேண்டாம். ஆட்டிய எண்ணெயை ஒரு வாரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்டியை நீக்கித் தெளிவை மட்டும் எடுக்கவும். பிறகு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை நான்கு மடிப்பாக மடித்து வடிகட்டவும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட் துணியில் வடிகட்டாதீர்கள்! அதன் பஞ்சுத் தூசு எண்ணெயோடு போய் பில்டரை அடைத்துவிடும்.

என்ஜினை வெறும் டீசலில் கிளப்பி, சூடேறிய பிறகே கலவைக்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குக் கால் மணி முன்பாக மீண்டும் டீசலுக்கு மாற்றினால், மறுநாள் கிளப்பும்போது குழாயிலும் நாசிலிலும் டீசலே இருக்கும். இதற்கு இரண்டு சிறு டேங்குகளும் ஒரு திருப்பு வால்வும் போதும். மசகு எண்ணெயைக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் மணிக்கணக்கில் பாதியிலேயே மாற்றிவிடவும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் நூல்போல் இழுத்தாலும், அதன் மட்டம் ஏறியிருந்தாலும் கலவையை உடனே நிறுத்தவும். கிளப்பச் சிரமமாக இருந்து புகையும் கூடினால் நாசிலைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

உங்கள் மரம் எவ்வளவு தரும்?

5 குதிரைச் சக்தி என்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். ஆண்டுக்கு 300 மணி ஓடினால் 300 லிட்டர். எக்ஸ்பெல்லரில் 1 லிட்டர் புங்க எண்ணெய்க்கு ஏறத்தாழ 4 கிலோ விதை வேண்டும். மரத்துக்கு 20 கிலோ விதை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் மரம் 5 கிலோ தரலாம், 40 கிலோவும் தரலாம். மரத்துக்கு மரம் அவ்வளவு வேறுபாடு உண்டு. முழுவதும் புங்க எண்ணெயில் ஓட்டவேண்டுமானால் 1200 கிலோ விதை, அதாவது 60 மரம் வேண்டும். 20 பங்குக் கலவைக்கு 60 லிட்டர் எண்ணெய், 240 கிலோ விதை, 12 மரம் போதும். வேலியோரமும் களத்து மேட்டிலும் 12 புங்கமரம் உள்ள தோட்டங்கள் நம் பகுதியில் அரிதல்ல.

இலாபமா என்பதை ஒவ்வொரு ஆண்டும் நீங்களே கணக்கிடலாம். 4 கிலோ விதையின் சந்தை விலையோடு ஆட்டுகூலியைக் கூட்டி, 3 கிலோ பிண்ணாக்கின் விலையைக் கழித்தால் 1 லிட்டர் எண்ணெயின் அடக்கம் கிடைக்கும். புங்க எண்ணெயின் எரிசக்தி டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. எனவே அடக்கம் டீசல் விலையில் பத்தில் எட்டுப் பங்குக்குக் கீழே இருந்தால்தான் பயன். சோப்புத் தயாரிப்பாளர்கள் விதைக்கு நல்ல விலை கொடுக்கும் ஆண்டில் பேசாமல் விதையை விற்றுவிட்டு டீசல் வாங்குங்கள்.

காங்கயத்தில் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைய இருப்பதால், தேங்காய் எண்ணெயை ஊற்றலாமா என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. நாடு தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும்போது அதை எரிப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது. அதோடு தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் டேங்கிலேயே உறைந்துவிடும்.

பயோடீசல்

எண்ணெயை மெத்தனாலுடனும் சிறிதளவு காஸ்டிக் சோடாவுடனும் 60 டிகிரிச் சூட்டில் கலக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதே பயோடீசல். டீசலுக்கு மிக நெருங்கிய மெல்லிய தன்மை உடையது. ஆனால் புங்க எண்ணெயில் புளிப்பு அமிலம் அதிகமானால் காஸ்டிக் சோடா அதனோடு சேர்ந்து சோப்பாகிவிடும். முதலில் கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தவேண்டும். மெத்தனால் எளிதில் தீப்பற்றும், கொடிய நஞ்சு. 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் பல உயிர்களைக் குடித்தது இதுவே. உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஆகவே இதைத் தோட்டத்துச் சாளையில் செய்யாதீர்கள்.

ஓட்டல்களில் பொரித்து மிஞ்சும் எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. அது ஆலை வைத்திருப்போர் வேலை.

காட்டாமணக்கு தந்த பாடம்

2003-இல் திட்டக் குழு அமைத்த குழு காட்டாமணக்கைப் பெரிதும் பரிந்துரைத்தது. தரிசிலும் தண்ணீரின்றி விளையும் என்று சொல்லப்பட்டதை நம்பி நம் மாநிலத்திலும் பலர் நட்டனர். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு, தண்ணீர் இல்லாமல் கட்டுபடியாகாது என்று கண்டது. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் ஒரு பகுதி 2009 வரை கோவையில்தான் இருந்தது. 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்ற 2009-ஆம் ஆண்டுக் கொள்கை, 2018-இல் 2030-க்குள் 5 சதவீதப் பயோடீசல் என்று சுருங்கியது. யார் வந்து ஒப்பந்தம் பேசினாலும், உங்கள் நிலத்துக் கிணற்று நீரில் என்ன விளையும் என்று எழுத்தில் கேளுங்கள். மேய்ச்சல் தரும் கொறங்காட்டை அழித்து எரிபொருள் பயிர் வைக்கவேண்டாம். புங்கம் வேலியிலேயே நிற்கட்டும்.

பிண்ணாக்கு

மேற்சொன்ன 240 கிலோ விதையில் சுமார் 180 கிலோ பிண்ணாக்கு மிஞ்சும். புங்கம் பிண்ணாக்கில் தழைச்சத்து 3.9 சதவீதமும், மணிச்சத்து 0.9 சதவீதமும், சாம்பல் சத்து 1.2 சதவீதமும் உண்டு. அதாவது ஏறத்தாழ 7 கிலோ தழைச்சத்து; 15 கிலோ யூரியாவுக்குச் சமம். நன்கு பொடித்து அடியுரமாக இடவும். கசப்பும் நச்சுத்தன்மையும் உள்ளதால் மாட்டுக்கு வைக்கக்கூடாது. ஆலையில் ஆட்டக் கொடுக்கும்போது பிண்ணாக்கையும் கேட்டு வாங்கி வரவும். கூலிக்குப் பதிலாக அதை விட்டுவிட்டு வருபவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.