மறதியின் வரைபடம் - 7: கட்வைக் குடும்பங்களும் கரும்புள்ளிகளும்

நெதர்லாந்தில் லைடன் நகரத்துக்குப் பக்கத்தில், வடகடல் ஓரமாகக் கட்வைக் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே சில குடும்பங்களில் ஐம்பது வயதை ஒட்டி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. பிழைத்தவர்களுக்கு மறுபடியும் கசிவு, போகப்போக மறதி. அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகியதுதான் காரணம் என்று 1990இல் தெரிந்தது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு.

சென்ற வாரம் அல்சைமரில் பார்த்த அதே அமிலாய்டுதான். அங்கே நரம்புச் செல்களுக்கு இடையில் திட்டுத்திட்டாகப் படிந்தது, இங்கே முக்கியமாக ரத்தக்குழாயின் சுவரில் படிகிறது. சுவரில் இருக்கும் தசை செத்து, வெயிலில் கிடந்து மக்கிய ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. பெரிதாக வெடித்தால் பக்கவாதம். துளியாகக் கசிந்தாலோ பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. சிந்திய சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு மட்டும் அங்கேயே தங்கிவிடும். சி.டி. ஸ்கேனில் இது அகப்படாது. இரும்பின் காந்தத்தன்மையைப் பிடிக்கும் தனிவகை எம்.ஆர்.ஐ. படத்தில்தான் சில மில்லிமீட்டர் அளவுக் கரும்புள்ளியாகத் தெரியும். ‘மைக்ரோபிளீட்’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்.

கட்வைக் நோயாளிகள் சிலரின் மூளைகளை, அவர்கள் இறந்த பிறகு லைடன் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். யாருக்கு மறதிநோய் இருந்தது என்பது, குழாய்களில் எவ்வளவு படிந்திருந்தது என்பதோடு ஒத்துப்போனது. அல்சைமரின் அடையாளங்களான திட்டுகளோடும் முடிச்சுகளோடும் ஒத்துப்போகவில்லை. குழாய் கெட்டாலே புத்தி கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அபூர்வக் குடும்பத்தின் கதை நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. ராட்டர்டாம் நகரில் சாதாரண மனிதர்களை ஸ்கேன் செய்தபோது 60-69 வயதினரில் 17.8 சதவீதம் பேருக்கும், 80 தாண்டியவர்களில் 38.3 சதவீதம் பேருக்கும் புள்ளிகள் இருந்தன. அதே ஆய்வில் 4,841 பேரைச் சராசரியாக 4.8 ஆண்டுகள் கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: புள்ளி உள்ளவர்களுக்கு மறதிநோய் அபாயம் சுமார் இரண்டு மடங்கு. கேட்டதும் பகீரென்கிறது. ஆனால் அத்தனை பேரிலும் மறதிநோய் வந்தது 72 பேருக்குத்தான். புள்ளி இருந்தவர்களிலும் பலருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நாலுக்கு மேல் இருந்தவர்களிடம்தான் அறிவுத்திறன் சரிவு தெரிந்தது.

எண்ணிக்கையைவிட, புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூளையின் ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தத்தின் வேலை. அதற்கு மாத்திரை உண்டு. மேற்புற மடிப்புகளில் மட்டும் இருந்தால் அமிலாய்டு மீது சந்தேகம். ராட்டர்டாமிலும் நினைவாற்றல் சரிந்தது மேற்புறப் புள்ளிக்காரர்களுக்குத்தான். மற்ற இடங்களில் புள்ளி இருந்தவர்களுக்கு யோசனையும் அசைவும் மந்தமாயின. (இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டர் சொல்லட்டும்.)

மேற்புறப் புள்ளிகளுக்கு இப்போது இன்னொரு முக்கியத்துவமும் வந்திருக்கிறது. 2023இல் அமெரிக்கா அனுமதித்த லெகானெமாப் என்ற அல்சைமர் மருந்து அமிலாய்டைக் கரைக்கிறது. கரையும்போது குழாய்ச்சுவரும் கசிகிறது: 1,795 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து பெற்றவர்களில் 17.3 சதவீதம் பேருக்கு மூளையில் கசிவுத்தடம், ஒப்பீட்டுக்காகப் போலி மருந்து பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே நாலு புள்ளிக்கு மேல் இருந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை.

(தொடரும்)